ஒற்றைப் பற்றரி ரோச்சில் வெள்ளை எல்.ஈ.டி. ஏன் எரிவதில்லை?

சட்டைப்பை ரோச்சில் பழைய பல்பைக் கழற்றி வெள்ளை எல்.ஈ.டி. போட்டால் பெரும்பாலும் எரியாது. காரணம் மின்னழுத்தம், அதாவது மின்சாரத்தைத் தள்ளும் விசை. ஒரு பென்ரோச் பற்றரி தருவது 1.5 வோல்ட். வெள்ளை எல்.ஈ.டி.க்கு ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டும். பழைய பல்பு பற்றரி இறங்கினாலும் மங்கலாய்ச் சிவந்து எரியும், எல்.ஈ.டி. அப்படியில்லை.

கோடையில் நம் வன்னிக் குளங்களைப் பாருங்கள். தண்ணீர் கிடக்கும், ஆனால் மட்டம் துருசுக்கு, அதாவது தண்ணீர் திறந்துவிடும் மதகுக்கு, கீழே போய்விட்டால் வாய்க்காலுக்குச் சொட்டும் வராது. பம்ப் வைத்துத்தான் ஏற்ற வேண்டும். ரோச்சுக்குள் மின்னழுத்தத்தை அப்படி ஏற்றுவது பூஸ்டர்: விரல்நக அளவுத் தகடு, அதில் சின்னக் கம்பிச்சுருள் ஒன்று. இரவில் வரம்பில் நடப்பவர்கள் அதை ரோச்சில் பொருத்திக்கொள்வது நல்லது, பாம்பு கண்ணில் படும்.

எரியாத எல்.ஈ.டி.யைப் பழுதென்று எறிந்துவிடாதீர்கள். இரண்டு பற்றரியைத் தொடராக வைத்தால் அதுவே எரியும்.