முன்பல் இடைவெளி: அடைப்பதற்கு முன் காரணம் என்ன?

கேள்வி: மகளுக்கு 8 வயது. புதிதாக முளைத்த மேல் முன்பற்கள் இரண்டும் விலகி நிற்கின்றன. இப்போதே கிளிப் போடலாமா?

பதில்: அவசரம் வேண்டாம். தாடைக்குள் இருக்கும் கோரைப்பற்கள் பக்கத்துப் பற்களின் வேரை நெருக்குவதால் இந்த வயதில் முன்பற்கள் விரிந்துதான் நிற்கும். 11-13 வயதில் கோரைப்பல் இறங்கும்போது, 2 மி.மீ. வரையிலான இடைவெளி பெரும்பாலும் தானே மூடிவிடும். அதைவிட அகலம் என்றால், நடுவில் கூடுதல் பல் எதுவும் புதைந்திருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: மேலுதட்டையும் ஈறையும் இணைக்கும் சதையை வெட்டினால் இடைவெளி மூடிவிடுமா?

பதில்: வெட்டினால் மட்டும் மூடாது. உதட்டைத் தூக்கி இழுக்கும்போது பற்களுக்கு இடையே உள்ள ஈறு வெளுத்தால், அந்தச் சதைமேல் சந்தேகப்படலாம். அப்போதும் பெரும்பாலும் கிளிப் போட்டு இடைவெளியை மூடிய பிறகே வெட்டுவோம். முந்திக்கொண்டு வெட்டினால், அங்கே உண்டாகும் தழும்பே பற்களைச் சேரவிடாமல் தடுக்கலாம்.

கேள்வி: இரண்டு பற்களையும் சேர்த்து ரப்பர் பேண்ட் மாட்டினால் போதும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன்.

பதில்: தயவுசெய்து வேண்டாம். பல்லின் வேர் நுனியை நோக்கிக் குறுகிக்கொண்டே போகும். அதனால் ரப்பர் வழுக்கி ஈறுக்குள் ஏறிவிடும். 'எங்கோ விழுந்துவிட்டது' என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அது உள்ளே எலும்பை அழித்தபடி மேலேறும். எக்ஸ்ரேயிலும் எளிதில் சிக்காது. சொத்தை எதுவும் இல்லாத இரண்டு பற்களை இப்படி இழந்தவர்கள் உண்டு.

கேள்வி: வயது 45. முன்பு இல்லாத இடைவெளி இரண்டு வருடமாகத் தெரிகிறது. பல் நிறப் பூச்சால் அடைத்துவிடலாமா?

பதில்: முதலில் ஈறைக் காட்டுங்கள். நடுவயதில் புதிதாக விழும் இடைவெளிக்குப் பெரும்பாலும் ஈறுநோய்தான் காரணம்: எலும்பு கரைந்து, பல் பிடிமானம் இழந்து முன்னே நகர்கிறது. பல் துலக்கும்போது ரத்தம் வருகிறதா, பல் ஆடுகிறதா என்று கவனியுங்கள். சர்க்கரை அளவையும் பரிசோதியுங்கள். ஈறுநோயை அடக்காமல் இடைவெளியை மட்டும் அடைத்தால், பல் தொடர்ந்து நகரும்.

கேள்வி: பிறவியிலிருந்தே இடைவெளி. அப்படியே விட்டால் கெடுதலா?

பதில்: ஈறு நன்றாக இருந்தால் ஒன்றுமில்லை. உங்களுக்குப் பிடித்திருந்தால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: கிளிப் கழற்றிய சில மாதங்களிலேயே மறுபடி விலகுகிறது. ஏன்?

பதில்: கிளிப் கழற்றிய பிறகு பற்கள் நகராமல் பிடித்து வைக்கும் ரிட்டெய்னரை ஒழுங்காகப் போடவில்லை என்று நினைக்கிறேன். முன்பல் இடைவெளிக்கு மறுபடி விலகும் குணம் அதிகம். பற்களின் பின்பக்கம் மெல்லிய கம்பியை நிரந்தரமாக ஒட்டிக்கொள்வது நல்லது. விழுங்கும்போது நாக்கு முன்பற்களைத் தள்ளுகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். தள்ளினால் அதற்கும் பயிற்சி தேவைப்படும்.