பர்கூர் குழு இரண்டாம் வாரத்தில் உடைவது ஏன்?

11 பேர் சேர்ந்து பீடியை விட ஆரம்பித்து, ரெண்டாம் வாரத்தில் 6 பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். மன உறுதி இல்லை என்று அவர்களைத் திட்டாதீர்கள். கூட்டம் போடும் நாளும் இடமும்தான் தப்பு.

விட்ட 2, 3ஆம் நாளில்தான் எரிச்சலும் தூக்கமின்மையும் உச்சத்துக்குப் போகும். நீங்கள் கூடுவதோ ஞாயிற்றுக்கிழமை மட்டும், அதுவும் டீக்கடை வாசலில்! எல்லோரும் ஒரே நாளில் நிறுத்துங்கள். முதல் வாரம் தினமும் 10 நிமிஷம் கோயில் திண்ணையில் உட்காருங்கள், போதும்.

பீடியை விட உதவும் நிக்கோடின் சூயிங்கம் பற்றி "சூயிங்கம் வேலை செய்யல, விக்கல்தான் வருது" என்கிறீர்கள். அதற்குக் காரணம், மிட்டாய் மாதிரி விடாமல் மெல்லுவது. காரம் ஏறும்வரை மெதுவாக மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வையுங்கள். காரம் அடங்கியதும் மறுபடி மெல்லணும். இப்படியே 30 நிமிஷம். டீ குடித்து 15 நிமிஷம் கழித்துத்தான் வாயில் போடணும். இல்லாவிட்டால் நிக்கோடின் சரியாக உள்ளே ஏறாது. எழுந்த அரை மணிக்குள் முதல் பீடி பிடிப்பவருக்கு 2 மி.கி. சூயிங்கம் பத்தாது, 4 மி.கி. வேண்டும். அதற்கு ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் சீட்டு வாங்குங்கள். நெஞ்சுவலி உள்ளவர் எதற்கும் முன்னால் அவரைப் பார்க்கட்டும்.

பீடிக்குப் பதிலா ஹான்ஸ் புகையிலையை வாயில் அடக்குபவரை 'விட்டவர்' கணக்கில் சேர்க்காதீர்கள். ஒரு பீடி பிடித்துவிட்டவரை மட்டும் வெளியே அனுப்பாதீர்கள், அன்று சாயங்காலமே கூப்பிடுங்கள். தவிப்பு வந்தால் புகையிலையை விட உதவும் தேசிய உதவி எண் 1800112356, கட்டணமில்லை. அவர்கள் போன் எடுக்கும் நேரத்தை முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.