வரவும் செலவும் ஈடானால் வெப்பச் சமநிலையா?

கேள்வி: சுருள்வில்களால் வரிசையாகப் பிணைக்கப்பட்ட துகள்களில் ஒன்றுக்கு ஆற்றல் ஊட்டப்படுகிறது, மற்றொன்றில் உராய்வால் ஆற்றல் கழிகிறது. இரண்டும் ஈடானால் அச்சங்கிலி வெப்பச் சமநிலையை எட்டிவிட்டது என்று கொள்ளலாமா?

பதில்: கொள்ள முடியாது. ஆற்றலைப் பறிக்கும் உராய்வும் அதைத் திருப்பித் தரும் உந்தல்களும் ஒரே மூலத்திலிருந்து பிறக்கும்போதுதான் வெப்பச் சமநிலை வாய்க்கிறது. 1908இல் பிரெஞ்சு இயற்பியலாளர் பால் லாஞ்சுவின் எழுதிய சமன்பாட்டின் உட்கருத்து இதுவே: காற்றில் அலைவுறும் ஒரு துகளின் வேகத்தைத் தணிப்பவையும், அதை ஒழுங்கின்றி உதைத்து அசைப்பவையும் அதே காற்று மூலக்கூறுகள்தாம். ஆகையால் உராய்வுக் கெழு இருமடங்கானால் உதைகளின் இருபடிச் சராசரியும் இருமடங்காகிறது. துகள் இறுதியில் அடையும் வெப்பநிலை மாறுவதில்லை. உராய்வு சிறிதாக உள்ளவரை, அந்நிலையை எட்டும் காலம் மட்டும் பாதியாகும்.

சங்கிலி முழுவதும் காற்றைத் தொட வேண்டிய தேவையும் இல்லை. ஒரே நிறையுள்ள துகள்களை ஒரே வகைச் சுருள்வில்களால் பிணைத்து, இரு முனைகளையும் சுவரில் பொருத்தி, முதல் துகளை மட்டும் காற்றுக்கு உட்படுத்தினாலும், துகள்கள் அனைத்தும் ஒரே அதிர்வெண்ணில் சேர்ந்தாடும் ஒவ்வோர் அதிர்வுக்கோலமும் காலப்போக்கில் 300 கெல்வினில் சராசரியாக ஏறத்தாழ 0.026 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலைப் பெற்றுவிடும். ஆனால் துகள்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்து, நடுத்துகளை மட்டும் காற்றுக்கு உட்படுத்தினால் கதை வேறு. அதிர்வெண்ணின் ஏறுவரிசையில் இரட்டைப்படை எண் பெறும் கோலங்களில் நடுத்துகள் அசைவதே இல்லை என்பதால், அவை தொடக்கத்தில் பெற்றிருந்த ஆற்றலை அப்படியே வைத்திருக்கும். வீணைத் தந்தியைச் சரியாக நடுவில் மீட்டினால் இரட்டைப்படைச் சீரிசைகள் (அடிப்படை அதிர்வெண்ணின் இரட்டைப்படை மடங்குகள்) எழாததற்கும் இதுவே காரணம்.

சுருள்வில்லின் நேர்கோட்டுப் பண்பு, அதாவது விசை நீட்சிக்கு நேர்விகிதத்தில் இருப்பது, சிறிது பிறழ்ந்தால் கோலங்கள் தமக்குள் ஆற்றலைப் பகிர்ந்துகொள்ளும் என்று நீங்கள் வாதிடலாம். ஃபெர்மி, பாஸ்தா, உலாம் ஆகிய அறிவியலாளர்களும் அப்படித்தான் எதிர்பார்த்தார்கள். அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் மானியாக் கணினியில், மேரி சிங்கு எழுதிய நிரலைக் கொண்டு அவர்கள் அதைச் சோதித்தபோது, முதல் கோலத்துக்கு ஊட்டிய ஆற்றல் சில கோலங்களுக்குள் மட்டும் சுற்றி, சில விழுக்காடு நீங்கலாக முதல் கோலத்துக்கே திரும்பி வந்தது. அறிக்கை 1955இல் வெளியானது. ஃபெர்மி அதற்கு முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார்.

இனி உங்கள் சங்கிலி. இரண்டே துகள்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுக்கு எதிர்மறை உராய்வு (வேகத்தைத் தணிக்காமல் ஆற்றலை ஊட்டுவது), மற்றதற்கு அதே அளவு நேர் உராய்வு. பிணைப்பு வலுவற்றதாக இருந்தால் அலைவின் வீச்சு கட்டின்றிப் பெருகும். போதிய அளவு வலுவாக இருந்தால் வரவும் செலவும் ஈடாகி, வீச்சு ஏறியிறங்கி ஓர் எல்லைக்குள் நிற்கும். நீங்கள் சமநிலை என்று கருதியது இதைத்தான். ஆனால் இங்கே நிகர உராய்வு எந்தக் கோலத்துக்கும் இல்லை. ஒழுங்கற்ற உதை சிறிதளவு சேர்ந்தாலும் அதைத் தணிக்க ஏதும் இல்லாததால், சராசரி ஆற்றல் காலத்தோடு ஏறிக்கொண்டே போகும்; அச்சங்கிலிக்கு வெப்பநிலை என்று ஓர் எண்ணைச் சொல்லவே இயலாது.