இங்கிலாந்தின் லட்லோ ஊரைச் சுற்றிப் பார்க்க அரை நாள் போதுமா?

போதாது. கோட்டைக்கே அது சரியாகிவிடும். வேல்ஸ் எல்லையைக் காக்க, பிரான்சிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்கள் 11ஆம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கியது; உள்முற்றத்தில் கூரையில்லாமல் நிற்கும் வட்டத் தேவாலயத்தைத் தவறவிடாதீர்கள். இங்கிலாந்து அரசர் ஏழாம் ஹென்றியின் மூத்த மகன் ஆர்தர் 1502இல் இங்கேதான் இறந்தார். தம்பி எட்டாம் ஹென்றி அரசரானதும் அண்ணியையே மணந்தார். அப்புறம் அந்த மணத்தை முறிக்கப்போய் ரோமத் திருச்சபையோடே உறவை முறித்துக்கொண்ட கூத்து ஊரறிந்தது. 1811இல் கோட்டையை வாங்கியவர் யார் தெரியுமா? சென்னை ஆளுநராக இருந்த எட்வர்ட் கிளைவ், ராபர்ட் கிளைவின் மகன்.

கோட்டை வாசலிலேயே சந்தை கூடுகிறது. பக்கத்தில் புனித லாரன்ஸ் தேவாலயம். அங்கே பாடகர் குழுவின் மடக்கு இருக்கைகளுக்கு அடியில் குனிந்து பாருங்கள்: அளவில் ஏமாற்றிய மதுக்கடைக்காரியைப் பேய் நரகத்துக்குத் தூக்கிப்போகிறது, நல்ல குறும்பான மரச்சிற்பம். 1619இல் கட்டிய ஃபெதர்ஸ் விடுதியை வெளியில் நின்று ரசித்தாலே போதும்.