தென்னாப்பிரிக்காவின் டர்பனில் படிக்கவிருக்கும் மொரிசியஸ் மாணவிக்கு எந்தக் கட்டணம்?

உங்கள் மகளிடம் பல்கலைக்கழகம் கேட்டிருக்கும் முழு வெளிநாட்டுக் கட்டணத்தை இப்போதே செலுத்திவிடாதீர்கள். மொரிசியஸ் 1995 முதல், தென்னாப்பிரிக்காவும் இடம்பெற்றுள்ள சாடெக் (SADC) என்ற தெற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பில் உறுப்பு நாடு. 1997-இல் கையெழுத்தான அதன் கல்வி உடன்படிக்கை, உறுப்பு நாட்டு மாணவர்களைக் கட்டணத்திலும் விடுதியிலும் உள்நாட்டு மாணவர்களைப் போலவே நடத்த வேண்டும் என்கிறது.

விண்ணப்பத்தில் உங்கள் மகளின் குடியுரிமை தவறான பிரிவில் பதிவாகியிருக்கலாம் என்பதே என் ஊகம். பல்கலைக்கழகத்தின் இவ்வாண்டுக் கட்டணக் கையேட்டில் சாடெக் மாணவர்களுக்கெனத் தனி வரிசை இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அந்தப் பக்கத்தையும் கடவுச்சீட்டின் நகலையும் இணைத்து, பன்னாட்டு மாணவர் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். (தொலைபேசியில் கேட்பதைவிட எழுத்தில் கேட்பதே நல்லது, பதில் கையில் இருக்கும்.)

ஆனால், கட்டணத்தை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தானே வகுக்கிறது. கல்விக் கட்டணம் குறைந்தாலும், வெளிநாட்டு மாணவர்களுக்கான தனிக் கூடுதல் கட்டணம் சில இடங்களில் அப்படியே நிற்கும்.