விண்டோஸில் டெலிமெட்ரி என்றால் என்ன? முழுசாக நிறுத்த முடியுமா?

கணினி எப்படி ஓடுகிறது, எந்தச் செயலி முடங்கியது என்ற விவரங்களை விண்டோஸ் தானாகவே மைக்ரோசாஃப்டுக்கு அனுப்புவதுதான் டெலிமெட்ரி. பிழைகளைச் சரிசெய்யத் தேவை என்கிறார்கள். அதில் நியாயமும் உண்டு.

ஆனால் ஹோம், ப்ரோ பதிப்புகளில் அடிப்படை விவரங்களை நிறுத்த வழியில்லை. கணினி நம்முடையது, விண்டோஸ் நம்முடையதல்ல. உரிமத்தின் பேரில்தான் பயன்படுத்துகிறோம். மயிலாப்பூரில் வாடகைக்குக் குடியிருப்போம், தண்ணி மோட்டார் சுவிட்ச் மட்டும் ஹவுஸ் ஓனர் போர்ஷனில் இருக்குமே, அந்தக் கதைதான். (பெரிய நிறுவனங்களுக்கான என்டர்பிரைஸ் போன்ற பதிப்புகளில் சுவிட்சைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள்!)

விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், ப்ரைவசி அண்ட் செக்யூரிட்டி, டயக்னாஸ்டிக்ஸ் அண்ட் ஃபீட்பேக் போய் 'ஆப்ஷனல்' என்பதை அணைத்துவிடுங்கள். கூடுதல் விவரங்களாவது போகாது.

அப்புறம், பிரவுசரில் இன்காக்னிட்டோ போட்டால் இதெல்லாம் நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது அந்த பிரவுசரில் ஹிஸ்டரி போன்றவற்றைச் சேமிக்காது, அவ்வளவுதான்.