"அது கிடக்கட்டும்" என்றால் எப்படி?

கேள்வி: நான் பெங்களூரில் ஒரு பெரிய ஸ்போர்ட்ஸ் உடை, ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறேன். எங்களுக்குத் தைத்துக் கொடுக்கும் ஃபேக்டரிகளில் வேலை நேரம், கூலி, கழிவுநீர் எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று கண்காணிப்பது என் பிரிவு. ஓவர்டைம் அதிகம் என்று நான் ரிப்போர்ட் எழுதுகிற அதே வாரத்தில் பர்சேஸ் பிரிவு டிசைனை மாற்றும், டெலிவரி தேதியை மட்டும் மாற்றாது. நாலு வருஷத்தில் எங்களை முதலில் சட்டப் பிரிவுக்குக் கீழே வைத்தார்கள், அப்புறம் விளம்பரம், இப்போது சப்ளை செயின். மனசாட்சி உறுத்துகிறது, வேலையை விடலாம் என்றால் மனைவி வேண்டாம் என்கிறார். போன மாதம் முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கு எங்கள் செட்டிநாட்டு ஊரான கானாடுகாத்தான் போனபோதும் இதே யோசனைதான். அங்கே பூர்வீக வீட்டைக் கூட்டித் துடைத்துப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கார அம்மா வேறு, 2014-லிருந்து மாதம் அதே 2,500 ரூபாய்தான் என்று குறைப்பட்டார். பதினொரு புள்ளிக்கு, அதாவது கல்யாணமான பதினொரு பங்காளிக் குடும்பத்துக்குப் பொதுவான வீடு, தனியாக யாரும் முடிவெடுக்க முடியாது. தீபாவளிக்குச் சேலை எடுத்துக் கொடுக்கிறோம். அது கிடக்கட்டும், நான் வேலையை விடலாமா?

பதில்: அதெப்படித் தம்பி கிடக்கும்? முழுக் கடிதத்திலும் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த வரிதான். முகம் தெரியாத ஒரு தையல்காரப் பெண்ணின் ஓவர்டைம் உங்களைத் தூங்கவிடவில்லை, சரி. உங்கள் அப்பத்தா நடமாடிய தரையை முட்டிபோட்டுத் துடைக்கிறவரின் சம்பளத்தைப் பற்றி மட்டும் "அம்மா வேறு" என்று எழுதுகிறீர்கள், கொசுத் தொல்லை மாதிரி.

அந்த வேலை என்ன வேலை என்று நான் பார்த்திருக்கிறேன். ஒரு வீட்டில் படைப்புக்கு முதல் நாள், முகப்பிலிருந்து இரண்டாம் கட்டு வரை கூட்டிக் கழுவிக் காயவிட்டு, பழைய வேட்டித் துணியைத் தேங்காய் எண்ணெயில் தொட்டு ஆத்தங்குடிக் கல்லை ஒவ்வொன்றாகத் தேய்த்துக்கொண்டே வந்தார் ஒரு அம்மா, அறுபது வயதுக்குக் குறையாது. முற்றத்தைச் சுற்றியுள்ள வளவுக்கு வந்ததும் தூணைப் பிடித்துக்கொண்டுதான் எழ முடிந்தது. சாயங்காலம் காரில் வந்து இறங்கியவர்கள் தரையில் முகம் தெரிகிறது பார் என்று போட்டோ எடுத்தார்கள்.

பதினொரு புள்ளிக்குப் பொது, யாரும் தனியாக முடிவெடுக்க முடியாது. இதை உங்கள் ஆபீஸ் மீட்டிங்கில் யாராவது சொல்லியிருந்தால் பொங்கியிருப்பீர்கள். அங்கேயும் இதே கதைதானே, ஒரு ஃபேக்டரியில் ஐந்தாறு பிராண்டுக்குத் தைப்பார்கள், நாங்கள் மட்டும் எப்படிக் கூலியை ஏற்றுவது என்று ஒவ்வொரு பிராண்டும் அடுத்தவனைக் கை காட்டும். வீட்டை சினிமா ஷூட்டிங்குக்கு விடுவது என்றால் மட்டும் பங்காளிகள் ஒரே நாளில் ஒன்று சேர்ந்துவிடுவார்கள், இல்லையா?

உங்கள் பிரிவு படும் பாடும் புதிதல்ல. 1998 மே மாதம் நைக்கி நிறுவனர் பில் நைட் வாஷிங்டனில் பத்திரிகைக்காரர்கள் முன்னால் நின்று, எங்கள் சரக்கு என்றாலே அடிமைக் கூலி, கட்டாய ஓவர்டைம் என்று அர்த்தமாகிவிட்டது என்று தானே ஒப்புக்கொண்டார். அதே வருஷம் இந்தப் பொறுப்புக்கென்று ஒரு துணைத் தலைவர் வந்தார், 2001-ல் இயக்குநர் குழுவிலேயே ஒரு கமிட்டி போட்டார்கள், 2005-ல் சப்ளை செய்யும் ஃபேக்டரிகளின் பட்டியலையே வெளியிட்டார்கள். ஆனால் எம்.ஐ.டி. பேராசிரியர் ரிச்சர்ட் லாக்கும் கூட்டாளிகளும் நைக்கிக்குச் சப்ளை செய்யும் 800-க்கு மேற்பட்ட ஃபேக்டரிகளின் தணிக்கை விவரங்களை ஆராய்ந்து 2007-ல் எழுதியது, தணிக்கை மட்டும் செய்து பெரிய பலன் வரவில்லை என்றுதான். எப்படி வரும்? ஆர்டர் போடுகிறவர் ஒரு மாடி, மனசாட்சிக்கு வேறு மாடி. அப்புறம் நைக்கியில் ஃபேக்டரிகளுக்குப் போடும் தரம், விலை, நேரம் என்ற மதிப்பெண்களோடு தொழிலாளர் நிலையையும் சுற்றுச்சூழலையும் சேர்த்தார்கள், நல்லதுதான், ஆனால் மதிப்பெண் தைக்கிறவனுக்கு. தேதியை நெருக்குகிறவருக்கு யார் போடுவது?

மனசாட்சிக்குத் தனிக் கணக்கு வைப்பது நம் செட்டிநாட்டுக்குத் தெரியாத வித்தை இல்லை. அந்தக் காலத்துப் பெரியவர்கள் வியாபாரத்தில் ஒரு பங்கை மகமை என்று தனியாக எடுத்து வைத்துக் கோயிலுக்கும் பாடசாலைக்கும் கொடுத்ததைப் பெருமையாகச் சொல்கிறோம், நானும் சொல்வேன். 1930-களின் கடைசியில் கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு நிலம் கடனுக்கு ஈடாக, அங்கே வட்டிக்குக் கொடுத்த நம் செட்டியார்கள் கைக்கு வந்து சேர்ந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மகமைக் கணக்கில் அந்த உழவனுக்கு ஒரு வரி கிடையாது. உங்கள் பிரிவும் இப்போது ஒரு மகமைக் கணக்குதான். வியாபாரப் பேரேட்டில் உங்களை எழுதவில்லை.

அதனால் வேலையை இப்போது விடாதீர்கள். மேலதிகாரியிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள். ஆர்டர் உறுதியான பிறகு டிசைன் மாறினால் தேதியும் அத்தனை நாள் தள்ள வேண்டும், தள்ளாவிட்டால் அதை முடிவு செய்த பர்சேஸ்காரரின் பெயர் உங்கள் ரிப்போர்ட்டில் வர வேண்டும், அவருடைய போனஸிலும் அது தெரிய வேண்டும். முடியாது என்றால் அதை எழுத்தில் வாங்குங்கள். வாங்கிக்கொண்டு போய் மனைவியோடு உட்காருங்கள். அவர் பயத்தில் தப்பே இல்லை, மாதம் பிறந்தால் குடும்பத்தை ஓட்டுவது அவரும்தான்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் ஊர்க் கணக்கு. கல்யாணம் ஆன அன்றே நீங்களும் ஒரு புள்ளி. கோயிலுக்குப் புள்ளி வரி கட்டும்போது மற்ற பத்துப் பேரைக் கேட்டா கட்டுகிறீர்கள்? நம் வீட்டை நம்பி இருக்கிறவருக்குப் பதினொன்றில் ஒரு பங்கு கடமைப்பட்டிருக்கிறேன் என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன், எனக்குத் தெரிந்து கடமை பாகப்பிரிவினைக்கு வராது. எவ்வளவு இருந்தால் கட்டுப்படியாகும் என்று அவரிடமே கேட்டு, இந்த மாதமே உங்கள் கையிலிருந்து கொடுங்கள். கொடுத்துவிட்டு வாட்ஸ்அப் குரூப்பில் போடுங்கள். எல்லாரையும் கேட்காமல் ஏன் செய்தாய் என்று அப்பச்சி கோபிப்பார், கோபிக்கட்டும்.

2014-லிருந்து உள்ள பாக்கியைப் பேசும்போது, தீபாவளிச் சேலைகளின் விலையைக் கழித்துக் காட்ட ஒரு பங்காளி கட்டாயம் கிளம்புவார். அவருக்கு நீங்களே பதில் சொல்லுங்கள், அந்த அம்மாவைச் சொல்ல வைக்காதீர்கள்.